எந்த ஃபைலில் இருந்து?

என் தங்கை பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நைனாவிடம் போனில் சொன்னபோது, அவள் எங்கே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே தெரியாமல் இருந்தேன். எதிரே கம்ப்யூட்டர் திரையில் அவள் பெயருக்கு நேராக 'சேர்ந்தார்' என்று இருந்தது. பச்சை நிறத்தில் இருந்தது. அதைப் படித்துத்தான் சொன்னேன்.

அப்போது நான் ஒரு கம்பெனியின் போக்குவரத்துப் பிரிவில் வேலை பார்த்தேன். தொழிற்சாலை வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள தொழிற்பேட்டையில் இருக்கிறது. எங்கள் அலுவலகம் மட்டும் திருப்பதியில், அலிபிரிக்குப் போகும் சாலையில் ஒரு மாடியில் இருந்தது. தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கிவிட நான்கு ரூட்டில் பஸ்கள் ஓடின. ஒவ்வொருத்தியும் வீடு போய்ச் சேர்ந்தாளா என்று பார்ப்பது கம்பெனியின் பொறுப்பு. கம்பெனிக்காக அதைப் பார்ப்பது என் வேலை.

முறை எளிமையானதுதான். ஒவ்வொரு பஸ்ஸிலும் வேலைக்கு வரும் பெண்களிலேயே ஒருத்தி லீடர். யார் எங்கே இறங்கினாள் என்று அவள் மெசேஜ் அனுப்புவாள். பஸ் ஒப்பந்தக்காரரின் ஆள் நாயுடுபேட்டையில் உட்கார்ந்துகொண்டு அதை அந்தந்த ரூட்டின் எக்செல் ஃபைலில் ஏற்றுவான். நான்கு ரூட்டுக்கு நான்கு ஃபைல். அந்த நான்கையும் இழுத்து ஒரே இடத்தில் காட்டும் ஐந்தாவது ஃபைல் ஒன்று உண்டு. அதை நான் செய்திருந்தேன். மாஸ்டர் என்று பெயர். அங்கே அவன் ஒரு கட்டத்தில் அடித்தால் இங்கே என் கட்டத்தில் அது தானாக வந்து நிற்கும். முன்பெல்லாம் நான்கு ஃபைலையும் திறந்து, பார்த்துப் பார்த்துக் கையால் அடித்துக்கொண்டிருந்தோம். இணைப்புப் போட்ட பிறகு அந்த வேலையே இல்லாமல் போயிற்று. மேனேஜர் நெல்லூர்க்காரர். யார் அலுவலகத்துக்கு வந்தாலும் கூப்பிட்டு உட்காரவைத்து அந்த மாஸ்டர் ஃபைலைக் காட்டுவார்.

தங்கையை வரதய்யபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அதே தொழிற்சாலையில் அவளுக்கு வேலை இருக்கிறது, விடலாம் என்று சொன்னவள் நான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு விருப்பமில்லை. சித்தூரில் லாரி மெக்கானிக்காக இருந்தவர். அம்மா போன பிறகு எங்கள் இரண்டு பேரைப் பற்றிய பயம் அவருக்கு இரண்டு மடங்காகிவிட்டது. "பஸ்ல போறதுன்னா யார் பாத்துப்பாங்க?" என்று கேட்டார். "நான்தான் நைனா பாக்கறேன். என் வேலையே அதுதான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் மறுத்துப் பேசவில்லை.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வங்கக்கடலில் ஏதோ புயல் சின்னம் என்று டிவியில் தெலுங்கிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். திருப்பதியில் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் சாலையை ஆறாக்கி இருந்தது. மொட்டை போட்டுக்கொண்ட யாத்திரிகர்கள் பிளாஸ்டிக் உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எங்கள் மாடிப்படியில் ஒதுங்கி நின்றார்கள். மத்தியானம் தொழிற்சாலையில் ஷிஃப்ட்டைப் பாதியில் நிறுத்தி எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். பஸ்கள் கிளம்பிவிட்டன என்று செக்யூரிட்டி சொன்ன பிறகுதான் நான் மாஸ்டரைத் திறந்தேன்.

முதலில் எல்லாம் சரியாகவே நடந்தது. திருப்பதி ரூட்டில் ஒவ்வொரு கட்டமாகப் பச்சையாகிக்கொண்டு வந்தது. நாயுடுபேட்டை ரூட் மெதுவாக வந்தது, ஆனாலும் வந்தது. சத்தியவேடு முடிந்தது. வரதய்யபாளையம் பக்கத்தைப் பார்த்தேன், மேலிருந்து கீழ்வரை முழுக்கப் பச்சை. அதுதான் இருப்பதிலேயே கிட்டத்து ரூட். சீக்கிரம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். தங்கை பெயரில் ஒருமுறை கண்ணை வைத்துப் பார்த்தேன். மனசு லேசாயிற்று.

"அன்னி ரூட்லு க்ளியரா மேடம்?" என்று எல்லா ரூட்டையும் சேர்த்துத் தெலுங்கில் கேட்டார் மேனேஜர்.

"க்ளியர் சார்."

"அயித்தே மெயில் பெட்டேயண்டி."

எல்லாரும் வீடு சேர்ந்துவிட்டார்கள் என்று மேலிடத்துக்கு மெயில் அனுப்பினேன். அனுப்பிய கையோடு நைனாவின் போன்.

"இங்க மழை பலமா கீதும்மா. ஆத்துல தண்ணி வந்துட்ச்சாம். அவ இன்னா ஆனா? போன் பண்ணா எடுக்கமாட்டறா."

"அவ வீட்டுக்குப் போயிட்டா நைனா. இங்க கம்ப்யூட்டர்ல பாத்துக்கினுதான் கீறேன். கரண்ட் இருக்காது, போன் ஆஃப் ஆயிருக்கும்."

"சேந்துட்டாளா?"

"சேந்துட்டா."

"சரிம்மா" என்றவர் நான் சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டு வைத்தார்.

பிறகு வந்த போன் தங்கையின் வீட்டுக்காரருடையது. அவர் வரதய்யபாளையம் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, பஸ்ஸு இன்னும் கம்பெனிலேர்ந்து கெளம்பலயா?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை. "அப்பவே கெளம்பிட்சே தம்பி. அவ வந்துட்டாளே."

"எங்க வந்தா? நான் பஸ் ஸ்டாண்ட்லயேதான் நின்னுக்கினு கீறேன். பஸ்ஸே வரலக்கா."

"வேற வழியா வந்து எறங்கியிருப்பா. வீட்ல போய்ப் பாரு" என்றேன். அப்படிச் சொல்லும்போதே அது முட்டாள்தனம் என்று தெரிந்தது. ஆனாலும் என் கண் திரையை விட்டு நகரவில்லை. பச்சையாகத்தானே இருக்கிறது? பச்சை என்றால் யாரோ அடித்திருக்கிறார்கள். யாரோ அடித்திருக்கிறார்கள் என்றால் லீடர் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அவர்தான் ஏதோ தவறாகப் பார்க்கிறார். அப்போது நிஜமாகவே நான் அப்படித்தான் யோசித்தேன். பஸ் ஸ்டாண்டில் நனைந்துகொண்டு நிற்கிற ஆளை நம்பவில்லை. திரையை நம்பினேன்.

"வீட்லேர்ந்துதான் வந்தேன் அக்கா" என்றார் அவர்.

போனை வைக்காமலே தங்கையின் பெயருக்கு நேரான கட்டத்தை அழுத்தினேன். மேலே சூத்திரம் வரும் இடத்தில் நீளமாக ஒரு வரி வந்தது. எந்த டிரைவ், எந்த ஃபோல்டர், அதற்குள் எந்த ஃபோல்டர் என்று போய், சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு ஃபைலின் பெயர். நான் இணைப்புப் போட்ட அதே ஃபைல்தான். தப்பே இல்லை. பிறகு ஏன் என்று அந்த ஃபோல்டரைத் திறந்தேன்.

அங்கே வரதய்யபாளையம் ஃபைல் இரண்டு இருந்தன. ஒன்று பழையது. அதன் பக்கத்தில் அதே பெயர், கடைசியில் 'நியூ' என்று சேர்த்து.

பழையதைத் திறந்தேன். மேலே நேற்றைய தேதி. முழுக்கப் பச்சை. நேற்று எல்லாரும் ஒழுங்காக வீடு சேர்ந்திருந்தார்கள். காலையிலிருந்தே என் மாஸ்டரில் அது அப்படித்தான் பச்சையாக நின்றிருக்க வேண்டும். பஸ் கிளம்பும் முன்பே எல்லாரும் வீட்டில் இருந்ததாக அது சொல்லியிருக்கிறது. நான் காலையில் பார்க்கவில்லை.

'நியூ'வைத் திறந்தேன். இன்றைய தேதி. முதல் நிறுத்தத்தில் இறங்கிய நான்கைந்து பேருக்கு மட்டும் 'சேர்ந்தார்'. அதற்குக் கீழே எல்லாம் வெள்ளை. முப்பது பேருக்கு மேல். தங்கையின் கட்டமும் வெள்ளை.

மேனேஜரின் அறைக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. "சார், வரதய்யபாளையம் பஸ் சேரலை. நான் அனுப்பின மெயில் தப்பு" என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். முதலில் அவரும் என்னைப் போலவே ஷீட்டை நம்பி, "ஷீட்லோ உந்தி கதா?" என்றார். நேற்றைய ஃபைல் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. "மெயில் தர்வாத்த சூத்தாம். முந்து டிரைவருக்கு ஃபோன் கொட்டண்டி" என்று மெயிலைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

டிரைவரின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. லீடரின் போன் ஸ்விட்ச் ஆஃப். தங்கையின் போன் அடித்து அடித்து நின்றது, பிறகு அதுவும் அடிக்கவில்லை. நாயுடுபேட்டை ஆளைப் பிடித்தேன். நல்ல பையன்தான், புதிதாகக் கல்யாணமானவன். தெலுங்கும் தமிழுமாகக் கலந்து பேசுவான்.

"பாத்த ஃபைலு, பழசு, பொத்துன ஓபன் காலேது அக்கா, காலைல தெறக்கவே இல்ல. யாரோ ஓபன் பண்ணி வெச்சிக்கினு இருந்தாங்க, எழுதவுடல. அதான் நியூன்னு போட்டு சேவ் பண்ணேன். உங்களுக்கு அதுவே வந்துடும்னு நெனச்சேன்."

"லீடர்கிட்டேர்ந்து கடைசியா எப்ப மெசேஜ் வந்தது?"

"தரைப்பாலத்துக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சு. அப்பறம் ஒண்ணியும் வரல. மழைக்கு லேட்டுன்னு நெனச்சிக்கினு கீறேன்."

வரதய்யபாளையத்துக்கு முன்னால் ஓடைக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம் இருக்கிறது. சாதாரண நாளில் அது பாலம் என்றே தெரியாது. சாலை லேசாக இறங்கி ஏறும், அவ்வளவுதான். மழை நாளில் தண்ணீர் அதன் மேலேயே போகும். வாகனங்கள் அடித்துக்கொண்டு போன செய்திகளை அந்தப் பக்கத்தில் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அந்தப் பையன் தரைப்பாலம் என்றதும் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

மேனேஜர் மண்டல் தாசில்தார் ஆபீசுக்கு, போலீசுக்கு, தொழிற்சாலை செக்யூரிட்டிக்கு என்று மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் தங்கையின் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். பைக் உதைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுபடியும் நைனா.

எடுக்காமல் இருக்கலாமா என்று தோன்றியது. எடுத்தேன்.

"அவகிட்ட நீ பேசினியா?" என்றார். "அவ கொரல கேட்டியா?"

"இல்ல நைனா."

"அப்பறம்?"

"நைனா, நான் சொன்னது தப்பு. அவ இன்னும் வீட்டுக்குப் போகல. பஸ் எங்க கீதுன்னு தேடிக்கினு கீறோம்."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

"அப்போ எதப் பாத்துச் சொன்ன?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பழைய ஃபைல், புதிய ஃபைல், இணைப்பு என்றெல்லாம் ஒரு மெக்கானிக்கிடம் சொன்னால் புரியாது என்பதால் அல்ல, அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும். வாய் வரவில்லை. "நான் வரேன்" என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டு, ரோடு சரியில்லை, வராதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். போன் எடுக்கவில்லை.

அடுத்து தங்கையின் வீட்டுக்காரர் பேசினார். இரைச்சலில் அவர் குரல் உடைந்து உடைந்து வந்தது. "அக்கா, பாலத்தாண்ட வந்துட்டேன். மேல தண்ணி போயிக்கினு கீது. பஸ்ஸு அந்தாண்ட நிக்குது, தெரியுது."

"நிக்குதா? பஸ் நல்லா கீதா?"

"நல்லாத்தான் நிக்குது. மேட்டுல ஏத்தி நிறுத்தியிருக்கான்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். மேனேஜரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவரும் கையெடுத்துக் கும்பிட்டார், மலை இருக்கிற பக்கம் பார்த்து.

"ஆனா அக்கா," என்றார் தங்கையின் வீட்டுக்காரர். "பஸ்ல யாரும் இல்ல. கதவு தெறந்து கீது. உள்ள ஆளே தெரியல."

அந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கும் அவர் குரலிலேயே என்னால் கேட்க முடியும். முப்பது பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கே போவார்கள்? ஒன்று பின்பக்கம் போக வேண்டும். இல்லையென்றால் முன்பக்கம். முன்பக்கம் தண்ணீர். கைகோத்துக்கொண்டு கடந்துவிடலாம் என்று நினைத்திருந்தால்? என் தங்கையை எனக்குத் தெரியும். வீட்டில் அடுப்பு பற்றவைக்க வேண்டும் என்றால் முதல் ஆளாக இறங்கிவிடுவாள்.

"நீ எறங்காத தம்பி. தண்ணில எறங்கிடாத" என்று கத்தினேன். மேனேஜர் என் கையிலிருந்து போனை வாங்கி, அவருக்குத் தெரிந்த தமிழில், "தம்பி, அங்கயே நில்லு, போலீஸ் வருது" என்றார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டரில் தங்கையின் பெயருக்கு நேராக இன்னமும் பச்சைதான். அதை மூடக்கூடத் தோன்றவில்லை. எந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து அடுத்த போன் வரும், அவர்களிடம் என்ன சொல்வேன் என்று ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஒருத்தி மாமியாருக்குத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் அவர்கள் எனக்கு வரிசை எண்தான்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நான்தான்."

அழுதேன். "இன்னாத்துக்கு அழற?" என்றாள். பாலத்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்த டிரைவர் பஸ்ஸை மேட்டில் நிறுத்திவிட்டு, எல்லாரையும் பின்பக்கமாக நடத்தி, அங்கிருந்த ஒரு அரிசி மில்லுக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே கரண்ட் இல்லை, டவரும் இல்லை. மில்காரர் ஜெனரேட்டர் போட்டு, சுற்றிச் சுற்றி நடந்து சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து தன் போனைக் கொடுத்திருக்கிறார். யாருடைய எண்ணாவது மனப்பாடமாகத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தானாம், அதுவும் என்னுடையது. மற்றவர்களின் வீடுகளுக்கு என்னையே சொல்லிவிடச் சொன்னாள்.

"எல்லாரும் கீறாங்களா?" என்றேன். "நீயே எண்ணிப் பாத்தியா?"

"நானே எண்ணினேன். எல்லாரும் கீறோம். சோறு வடிச்சிக்கினு கீறாங்க, துன்னுட்டு இங்கயே படுத்துக்கறோம். அவர்கிட்ட சொல்லிடு, என்னைத் தேடி வந்து தண்ணில எறங்கப்போறார்."

சொன்னேன். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் மேனேஜரும் நானும் பாதிப் பாதியாகப் போன் செய்தோம். அதெல்லாம் முடிந்து மேலிடத்துக்கு இரண்டாவது மெயில் எழுதிக்கொண்டிருந்தபோது நைனா படியேறி வந்தார். சித்தூரிலிருந்து ஏதோ ஒரு லாரியில் ஏறி வந்திருந்தார். பழைய பழக்கம், எந்த டிரைவரும் ஏற்றிக்கொள்வான். வேட்டி முழங்கால்வரை சேறு. தங்கை அழைத்த எண்ணுக்குப் போட்டுக் கொடுத்தேன். அவளிடம் இரண்டு வார்த்தைதான் பேசினார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மேனேஜர் வரவழைத்த டீயைக் குடித்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

மழை விட்ட பிறகு முதல் வேலையாக மாஸ்டரில் ஒரு புதிய வரிசை சேர்த்தேன். ஒரு கட்டத்தில் இருக்கும் சூத்திரத்தையே எழுத்தாகக் காட்ட எக்செல்லில் வழி இருக்கிறது. அந்த நீள வரியிலிருந்து சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயரை மட்டும் வெட்டியெடுக்கச் சொன்னேன். இப்போது ஒவ்வொரு 'சேர்ந்தார்' பக்கத்திலும் அது எந்த ஃபைலில் இருந்து வருகிறது என்று தெரியும். அதற்குப் பக்கத்தில் அந்த ஃபைலின் தேதி. இன்றைய தேதி இல்லையென்றால் வரி முழுக்கச் சிவப்பாகிவிடும். கேட்பதற்குச் சின்ன வேலை. எனக்கு அரை நாள் பிடித்தது. அடைப்புக்குறியின் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அது ஒரு எழுத்து தள்ளித் தள்ளி வெட்டியது.

மேனேஜருக்கு அந்த வரிசை பிடிக்கவில்லை. வருகிறவர்களுக்குக் காட்டும்போது அசிங்கமாக இருக்கிறது, ஒளித்துவைக்கலாமே என்றார். "வேணாம் சார்" என்றேன். வரிசை அப்படியே இருந்தது.

ஆனால் அந்த வரிசை என் பயத்தை எடுத்துவிடவில்லை. கேஸ் சிலிண்டர் புக் ஆகிவிட்டது என்று மெசேஜ் வந்தால் கடைக்குப் போன் செய்தேன். என் மகன் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான் என்று ஆட்டோக்காரர் சொன்னால், நீங்களே உள்ளே விட்டீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நாள் எல்லாருக்கும் என்னால் தொந்தரவுதான். பச்சையைப் பார்த்தாலே கை அந்தக் கட்டத்துக்குப் போய் அழுத்திப் பார்க்கும்.

அடுத்த சம்பளத்துக்கு முன்பே பழைய லீடர் வேலையை விட்டுவிட்டாள். வீட்டில் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த இடத்துக்குத் தங்கை தானாகக் கை தூக்கினாள். நைனாவிடம் நாங்கள் இருவருமே முதலில் சொல்லவில்லை. இப்போது வரதய்யபாளையம் ரூட்டின் மெசேஜ்களை அவள்தான் அனுப்புகிறாள். மற்ற லீடர்கள் பெயரும் நிறுத்தமும் மட்டும் அனுப்புவார்கள். அவள் அப்படியில்லை. "மூணாவது சீட் அக்கா எறங்கிட்டாங்க, வீட்டுக்காரர் வந்து கூட்டினு போறார், குடைய பஸ்ஸுல வுட்டுட்டாங்க" என்று குரலிலேயே அனுப்புவாள். நாயுடுபேட்டைப் பையன் அதைக் கேட்டுவிட்டு 'சேர்ந்தார்' என்று மட்டும் அடிப்பான். குடைக்கு எங்கள் ஃபைலில் இடம் இல்லை. அவளுடைய மெசேஜ்களை எனக்கும் அனுப்பச் சொல்லி வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் கேட்கிறேன்.